எம்டனுக்கு நம்மேல் என்ன கோபம்?

கேள்வி: சரயேவோவில் ஓர் இளவரசரைச் சுட்டதால் முதல் உலகப் போர் மூண்டது என்று என் மகளுக்குப் பாடம். ‘ஒருவரைச் சுட்டதற்கா இத்தனை நாடுகள் சண்டை போட்டன?’ என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: நம்பாமல் கேட்டாளே, அதற்கே அவளைப் பாராட்டுங்கள். நான் பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில், ‘உடனடிக் காரணம்: இளவரசர் கொலை’ என்று எழுதியதும் பேனாவை மூடிவிடும் பிள்ளைகளைப் பார்த்துத் தவித்திருக்கிறேன். ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டது 1914 ஜூன் 28. கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி, அதன் மீது ஆஸ்திரியா போர் அறிவித்தது ஜூலை 28. நடுவில் முழுதாக ஒரு மாதம். ஆத்திரத்தில் கை ஓங்குகிறவன் ஒரு மாதம் காத்திருப்பானா?

செர்பியாவை ஒடுக்க வேண்டும் என்பது ஆஸ்திரியாவின் நெடுநாள் எண்ணம். ஜெர்மனி பின்னால் நின்று தைரியம் கொடுத்தது. செர்பியாவைக் கைவிட்டால் பால்கனில் தன் சொல் எடுபடாது என்று ரஷ்யா படை திரட்டியது. ஜெர்மனியின் போர்த் திட்டமோ, ரஷ்யா திரண்டு முடிப்பதற்குள் அதன் கூட்டாளியான பிரான்சை வீழ்த்திவிட வேண்டும் என்பது. அதற்கு வழி பெல்ஜியம். தகராறு ரஷ்யாவோடு, படை நுழைந்தது பெல்ஜியத்துக்குள்! பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839-இல் கையெழுத்திட்டிருந்த பிரிட்டன் ஆகஸ்ட் 4 அன்று இறங்கியது. தன் கடலுக்கு எதிர்க்கரை ஜெர்மனியின் கைக்குப் போய்விடும் என்ற பயமும் அதற்கு இருந்தது.

இத்தாலியைப் பற்றி மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1882 முதல் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கூட்டாளி. போர் வந்ததும் ஒதுங்கி நின்று, இரு தரப்போடும் பேரம் பேசியது. ஆஸ்திரியாவிடமிருந்த டிரியெஸ்டும் தெற்கு டைரோலும் தருவதாக பிரிட்டன் தரப்போடு 1915 ஏப்ரலில் லண்டனில் ரகசிய ஒப்பந்தம் ஆனது. மே மாதம் ஆஸ்திரியா மீதே பாய்ந்தது. அந்தப் பேரத்தில் செத்த இளவரசருக்கு என்ன இடம்? அமெரிக்கா 1917 வரை வரவில்லை. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கண்ட கப்பலையெல்லாம் மூழ்கடிக்கத் தொடங்கிய பிறகே வந்தது.

கேள்வி: ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டபோது ஊரை விட்டு ஓடிய கதையை எங்கள் வீட்டில் சொல்வார்கள். இந்தியா எதற்காக அந்தப் போரில் சேர்ந்தது?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: இந்தியா சேரவில்லை, ஐயா, சேர்க்கப்பட்டது. லண்டன் போர் அறிவித்த அன்றே நாமும் போரில். யாரும் நம்மைக் கேட்கவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரான்சுக்கும் மெசபடோமியாவுக்கும் (இன்றைய இராக்) பிற போர்முனைகளுக்கும் கப்பலேறினார்கள். 60,000-க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. துணை நின்றால் சுயாட்சி கிடைக்கும் என்று நம் தலைவர்கள் பலர் நம்பியதும் உண்மை. 1918-இல் காந்தியே படைக்கு ஆள் சேர்க்கக் கிராமம் கிராமமாக நடந்தார். கிடைத்தது, விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டம். 1939-இலும் வைஸ்ராய் நம்மைக் கேட்காமலே போரில் சேர்த்தார். அதை எதிர்த்து ராஜாஜியின் சென்னை மந்திரிசபை பதவி விலகியது.

சரயேவோவில் சுட்ட 86-ஆம் நாள், செப்டம்பர் 22 இரவு, எம்டன் நம் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. சீனக் கடற்கரையிலிருந்த ஜெர்மன் தளத்தின் கப்பல். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஒருமுறை என் மாணவர்களை அங்கே அழைத்துப் போனேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அந்தக் கப்பலுக்கு நம்மேல் என்ன கோபம் சார்?” என்றான். “நம்மேல் இல்லையப்பா, வெள்ளைக்காரன்மேல்” என்றேன். “அப்புறம் ஏன் இங்கே சுட்டான்?” என்றான். வெயிலில் நின்றபடி, ஜெர்மனியில் ஆரம்பித்து அரை மணி நேரம் சொன்னேன்.

பெரம்பூர் அம்மா, உங்கள் மகளையும் அங்கே அழைத்துப் போங்கள். கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.