விசிறி இறக்கை வளைவது ஏன்?

கேள்வி: ஓடுகிற மின்விசிறியை செல்போனில் படம் எடுத்தால் இறக்கைகள் வளைந்து தெரிகின்றனவே, லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸ் மேல் பழி போடாதீர்கள், இது சிமாஸ் (CMOS) சென்சார், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, செய்கிற வேலை. அதன் ஒவ்வொரு பிக்சலிலும் (படப்புள்ளியிலும்) வெளிச்சத்தை உணரும் சிறு பாகமான ஒரு போட்டோடையோடு இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதில் எலக்ட்ரான்கள் சேரும், பிக்சலுக்குள்ளேயே உள்ள டிரான்சிஸ்டர்கள் அந்த மின்னூட்டத்தை மின்னழுத்தமாக மாற்றித் தரும், அப்புறம் அது எண்ணாகிவிடும். சரி, வளைவு எங்கே வருகிறது? எல்லாப் பிக்சலையும் ஒரே சமயத்தில் படிப்பதில்லை, ஒவ்வொரு வரிசையாகத்தான் படிக்கிறது. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் 20 மில்லிசெகண்ட் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் விசிறி அதற்குள் 36 டிகிரி திரும்பியிருக்கும். ஆக, ஒரே படத்தில் இறக்கையின் ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு நேரத்தில் பதிவானது!

ஷட்டர் வேகத்தைக் கூட்டி, அதாவது வெளிச்சம் படும் நேரத்தைக் குறைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். கலங்கல் குறையும், வளைவு அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் வரிசைகளைப் படிக்க ஆகும் நேரம் மாறவில்லை. எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் குளோபல் ஷட்டர் சென்சார்களில் இந்தத் தொல்லை இல்லை. 2023-இல் அறிமுகமான சோனி ஏ9 III கேமராவில் இருப்பது அந்த வகைதான்.