அந்த எண் எந்த நாளுடையது? பங்கு வடிகட்டும் ஃபார்முலா: கேள்வி பதில்

சார்ட் மென்பொருளில் சொந்தமாக ஃபார்முலா எழுதிப் பங்குகளை வடிகட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலானோர் அமிப்ரோக்கர் வைத்திருப்பதால் அதன் ஏஎஃப்எல் மொழியிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் தட்ட வேண்டிய சொற்களை ஒலிப்படி தமிழில் தந்துள்ளேன். எண்களும் குறிகளும் அப்படியே.

திருப்பூர்: சார், நான் பி.காம். படிச்சவன். புரோகிராமிங் சுத்தமா தெரியாது. நான் எழுத முடியுமா?

தாராளமாக முடியும். கணக்குப் பேரேடு பார்த்துப் பழகியவருக்கு இது இன்னும் எளிது. ஒவ்வொரு பங்குக்கும் மென்பொருள் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது: தேதி, ஓப்பன் (தொடக்க விலை), ஹை (நாளின் உச்சம்), லோ (நாளின் தாழ்வு), க்ளோஸ் (முடிவு விலை), வால்யூம் (கைமாறிய பங்குகள்). நீங்கள் 'க்ளோஸ்' என்று எழுதினால் அது ஒரு எண் இல்லை, அந்தப் பத்தி முழுவதும். அதை இன்னொரு பத்தியோடு ஒப்பிட்டால் மென்பொருள் வரிக்கு வரி ஒப்பிட்டு, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 போட்டுக்கொண்டே போகும். இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் ஃபார்முலா:

ஃபில்டர் = க்ளோஸ் > எம்ஏ(க்ளோஸ், 50);
ஆட்காலம்(க்ளோஸ், "விலை");

அனாலிசிஸ் ஜன்னலில் எக்ஸ்ப்ளோர் அழுத்தினால், 50 நாள் சராசரிக்கு மேல் முடிந்த பங்குகள் வரும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். தட்டுவதற்கு முன் நிபந்தனையைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதி, அதில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'எந்த நாள்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்தவைதான்.

ஈரோடு: நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன் சார். ஆனா ஒரே பங்கு நூற்றுக்கணக்கான தடவை வருது. மொத்தம் லட்சம் வரி.

ஃபார்முலா சரிதான். ரேஞ்ச் என்ற இடத்தில் 'ஆல் கோட்ஸ்' இருக்கிறது. அதனால் பத்து வருடத்தில் எந்தெந்த நாள் அந்த நிபந்தனை நிறைவேறியதோ அத்தனையும் காட்டுகிறது. 'ரீசன்ட் பார்' 1 என்று மாற்றுங்கள். கடைசி நாளுக்கு மட்டும் பதில் வரும்.

மதுரை: அண்ணா, 20 நாள் உச்சத்தை உடைக்கிற பங்குகளுக்காக 'க்ளோஸ் > ஹெச்ஹெச்வி(ஹை, 20)' என்று எழுதினேன். எரர் எதுவும் இல்லை. ஆனால் மார்க்கெட் பிச்சுக்கிட்டுப் போன நாளில்கூட ஒரு பங்கும் வரலை. டேட்டா கோளாறா?

டேட்டா நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்கேன், அதாவது இப்படி வடிகட்டும் ஃபார்முலா, எழுதும் எல்லாரும் இந்த இடத்துக்கு வருவார்கள்.

ஹெச்ஹெச்வி(ஹை, 20) என்பது இன்றையும் சேர்த்து 20 நாளில் ஆக உயர்ந்த ஹை. இன்றைய ஹை அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு பங்கின் க்ளோஸ் அதே நாளின் ஹையைத் தாண்டவே முடியாது; அதிகபட்சம் சமமாக முடியும். ஆகவே நீங்கள் கேட்டது எந்த நாளிலும், எந்தப் பங்கிலும் நடக்காத காரியம். மென்பொருள் உண்மையைத்தான் சொன்னது.

உங்கள் மனதில் இருந்த வாக்கியம் இது: 'இன்றைய க்ளோஸ், நேற்று வரையான 20 நாள் உச்சத்துக்கு மேல்.' அந்த 'நேற்று வரையான' என்பதை எழுதத்தான் ரெஃப் இருக்கிறது:

உச்சம் = ரெஃப்(ஹெச்ஹெச்வி(ஹை, 20), -1);
ஃபில்டர் = க்ளோஸ் > உச்சம்;

-1 என்றால் ஒரு வரி பின்னால், அதாவது முந்தைய வர்த்தக நாள். திங்கட்கிழமைக்கு அது வெள்ளிக்கிழமை. இதை எழுதியதும் ஏற்கெனவே உடைத்து நான்கைந்து நாள் ஏறிய பங்குகளும் வரும். உடைத்த முதல் நாள் மட்டும் வேண்டுமென்றால்:

ஃபில்டர் = க்ராஸ்(க்ளோஸ், உச்சம்);

க்ராஸ், நேற்று கீழே அல்லது சமமாக இருந்து இன்று மேலே வந்திருக்கிறதா என்று பார்க்கும். கடந்த மூன்று நாளுக்குள் எப்போது உடைத்திருந்தாலும் சரி என்றால் சம்(க்ராஸ்(க்ளோஸ், உச்சம்), 3) > 0 என்று போடுங்கள். 1-களை மூன்று நாளுக்குக் கூட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் நன்றாக அறிந்த ஒரு பங்கை எடுத்து, அது உடைத்த ஒரு தேதியைச் சார்ட்டில் கண்ணால் கண்டுபிடித்து, ஃபார்முலாவும் அதே தேதியைக் காட்டுகிறதா என்று பாருங்கள். அது ஒத்துப்போன பிறகு 2,000 பங்குகள்மேல் ஓட்டுங்கள்.

சேலம்: வால்யூம் இரண்டு மடங்கு ஆன பங்குகளுக்கு 'வால்யூம் > 2 * எம்ஏ(வால்யூம், 20)' சரிதானே? இதில் முடிவுகள் வருகின்றன.

வருகின்றன, ஆனால் கொஞ்சம் நழுவவும் செய்கின்றன. முந்தைய 20 நாளும் தலா 1 லட்சம் பங்குகள் கைமாறியிருக்க, இன்று 2,05,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் உங்கள் சராசரியில் இன்றைய 2,05,000-மும் கலந்திருப்பதால் அது 1,05,250 ஆகிறது. அதன் இரண்டு மடங்கு 2,10,500. பங்கு தோற்றுவிடுகிறது. 2 * ரெஃப்(எம்ஏ(வால்யூம், 20), -1) என்று எழுதினால் கேட்டது கிடைக்கும்.

இந்த ஸ்கேனைப் பகல் 1 மணிக்கு ஓட்டாதீர்கள். முழு நாள் சராசரியோடு அரை நாள் வால்யூமை ஒப்பிட்டால் நல்ல பங்குகள் விடுபடும். நேரத்துக்கு ஏற்ப விகிதம் போட்டாலும் சரிவராது. வால்யூம் காலை 9.15-ஐ ஒட்டியும் மாலை 3.30-ஐ ஒட்டியும் குவியும், நடுப்பகலில் வற்றும். சந்தை முடிந்த பிறகு ஓட்டுங்கள்.

திருச்சி: அப்படியானால் எல்லா இடத்திலும் ரெஃப் -1 போட்டுவிடலாமா?

கூடாது. என்ஆர்7 என்று ஒன்று இருக்கிறது. டோபி க்ராபெல் பிரபலப்படுத்தியது. கடந்த 7 நாளில் மிகக் குறுகிய கேண்டில் (சார்ட்டில் ஒரு நாளின் விலையைக் காட்டும் கட்டை) இன்றையதுதானா என்று பார்ப்பது. இதில் இன்று உள்ளே இருந்தே ஆக வேண்டும்:

அகலம் = ஹை - லோ;
ஃபில்டர் = அகலம் == எல்எல்வி(அகலம், 7);

எல்எல்வி, ஹெச்ஹெச்விக்கு நேர் எதிர்: அத்தனை நாளில் ஆகக் குறைந்த மதிப்பு. இரட்டைச் சமக்குறியைக் கவனியுங்கள். ஒற்றைக் குறி ஒரு பெயருக்கு மதிப்பு வைப்பது. இரட்டைக் குறி இரண்டும் சமமா என்று கேட்பது. நிபந்தனைக்குள் ஒற்றைக் குறி விழுந்துவிட்டால் வரும் பட்டியலை நம்பவே முடியாது.

என்ஆர்7 தேடுபவர்களுக்கு நம் சந்தையில் மட்டும் உள்ள ஒரு தொல்லை: தீபாவளி முகூர்த்த டிரேடிங். ஒரு மணி நேரம்தான் நடக்கும், ஆனால் டெய்லி சார்ட்டில் முழுக் கேண்டிலாக உட்கார்ந்துகொள்ளும். அன்று ஸ்கேன் ஓட்டினால் மூட்டை மூட்டையாக என்ஆர்7 வரும். அதைவிட மோசம் அடுத்த ஆறு நாள்: அந்தச் சின்னக் கேண்டில் 7 நாள் ஜன்னலுக்குள் இருப்பதால் உண்மையான என்ஆர்7 ஒன்றும் தென்படாது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை நடந்த குறுகிய சிறப்பு வர்த்தகமும் இதே வகை. அந்தத் தேதிகளை டேட்டாவிலிருந்து நீக்கிவிட்டு ஓட்டுவது என் வழக்கம். முக்கியமாக என்ஆர்7-க்கும் வால்யூம் சராசரிக்கும்.

நெல்லை: ஏஐ-யிடம் கேட்டு வாங்கிய கோடில் 'இஃப்' வரியில் எரர் 6 என்று நிற்கிறது.

'இஃப்' ஒரே ஒரு ஆம்/இல்லை கேட்கிறது. நீங்கள் அதற்கு ஒரு முழுப் பத்தியைக் கொடுத்திருக்கிறீர்கள். எந்த வரியின் பதிலை எடுப்பது என்று அதற்குத் தெரியாது. பத்திகளுக்கு ஐஐஎஃப் இருக்கிறது:

நிலை = ஐஐஎஃப்(க்ளோஸ் > ஓப்பன், 1, -1);

வடிகட்ட மட்டும் என்றால் அதுவும் தேவையில்லை. நிபந்தனையை நேரே ஃபில்டரில் எழுதுங்கள்.

தஞ்சாவூர்: 200 நாள் சராசரிக்கு மேல் உள்ளவை மட்டும் கேட்டேன். கீழே கிடப்பவையும் வருகின்றன. நிபந்தனை: 200-க்கு மேல் 'அண்ட்' ஆர்எஸ்ஐ (விலையின் வேகத்தை 0 முதல் 100-க்குள் சொல்லும் எண்) 40-க்குக் கீழ் 'ஆர்' வால்யூம் இரட்டிப்பு.

'அண்ட்' முதலில் சேரும், 'ஆர்' பிறகு. ஆகவே வால்யூம் இரட்டிப்பான எதுவும் மற்ற இரண்டையும் பார்க்காமலே உள்ளே வந்துவிடுகிறது. ஆர்எஸ்ஐ, வால்யூம் இரண்டையும் ஓர் அடைப்புக்குள் போடுங்கள்.

சென்னை, அம்பத்தூர்: என் ஃபார்முலாவில் ஆர்எஸ்ஐ(14) 61.8 காட்டுகிறது, புரோக்கர் ஆப்பில் அதே பங்கு 60.4. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆர்எஸ்ஐயை 1978-இல் வெல்ஸ் வைல்டர் அறிமுகப்படுத்தியபோது வைத்த சராசரி முறை, பழைய நாள்களைத் திடீரென்று வெட்டிவிடாது. அவற்றின் பாதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வரும். 14 நாள் என்று பெயர் இருந்தாலும் கணக்கு எங்கே தொடங்கியதோ அதன் சாயல் ரொம்ப தூரம் வரும். உங்களிடம் 60 நாள் டேட்டா, ஆப்பில் ஐந்து வருட டேட்டா என்றால் எண் மாறத்தான் செய்யும். அண்மை நாள்களுக்கு அதிக எடை தரும் சராசரியான இஎம்ஏ-வுக்கும் இதே கதை. 250 நாளுக்குக் குறையாமல் வைத்திருங்கள், வித்தியாசம் கரைந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. என்எஸ்இ-யில் பல ஆண்டுகளாக இருந்துவரும் முறைப்படி க்ளோஸ் என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை இல்லை. கடைசி அரை மணி நேர வியாபாரங்களின், வால்யூமை வைத்து எடைபோட்ட சராசரி. சில டேட்டாவில் அந்தச் சராசரி இருக்கும், சிலவற்றில் கடைசி விலை இருக்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் பங்குகள் ஒரு பட்டியலில் வந்து மற்றதில் வராமல் போவது இதனால்தான்.

காரைக்குடி: ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தவற்றைத் தேடினேன். ரிலையன்ஸ் பாதி விலைக்கு விழுந்ததாகக் காட்டுகிறதே ஐயா?

தேதி 2024 அக்டோபர் 28-தானே? அன்று 1:1 போனஸுக்காக விலை சரிசெய்யப்பட்டது. 2,600-க்கு மேல் இருந்த விலை 1,300 சொச்சத்துக்கு வந்தது. வைத்திருந்தவர்களின் பங்கு எண்ணிக்கை இரட்டிப்பானதால் யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் டேட்டாவில் பழைய விலைகள் பாதியாக்கப்படவில்லை. எக்ஸ்சேஞ்சின் பவ்காப்பியை (தினசரி விலைக் கோப்பை) அப்படியே இறக்கிச் சேர்ப்பவர்களுக்கு இது வரும். ஃபார்முலாவை மாற்றி இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், டேட்டாவைத் திருத்துங்கள். இல்லையென்றால் அடுத்த 200 வர்த்தக நாள் அந்தப் பங்கின் 200 நாள் சராசரி பொய்யாகவே இருக்கும்.

கோவை: முந்தைய வாரத்து லோவைத் தொட்டால் வாங்குவது என்று பேக்டெஸ்ட் செய்தேன், அதாவது பழைய டேட்டாவில் ஓட்டிப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது லாபம். நிஜத்தில் ஓட்டினால் அப்படி வரவில்லை.

நீங்கள் அனுப்பிய கோடில் டைம்ஃப்ரேம்கெட்பிரைஸ்("எல்", இன்வீக்லி, 0) இருக்கிறது. அந்த 0 நடப்பு வாரம். வேறெதுவும் குறிப்பிடாவிட்டால், வெள்ளிக்கிழமை வரை போகப்போகும் தாழ்வு திங்கட்கிழமை வரியிலேயே வந்து நிற்கும். நாளைய விலை தெரிந்துகொண்டு இன்று வாங்குகிறீர்கள். -1 ஆக்குங்கள், முந்தைய வாரம் கிடைக்கும். ரெஃப்(க்ளோஸ், 1) என்பதும் இதே ஆபத்து: கழித்தல் குறி ஒன்று விட்டுப்போனால் அது நாளைய க்ளோஸ். பேக்டெஸ்ட் பிரமாதமாக வந்தால் கோடில் முதலில் அதைத் தேடுங்கள்.

எந்தப் பங்குகள்மேல் ஓட்டினீர்கள் என்பதையும் பாருங்கள். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை 2018-இலிருந்து சோதித்தால், அன்று பட்டியலில் இருந்த யெஸ் பேங்க் உங்கள் சோதனையில் இருக்காது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்த பங்கு, 2020 மார்ச்சில் ஒரு நாள் 6 ரூபாய்க்கும் கீழே போனது. அதே மாதம் நிஃப்டியிலிருந்தும் எடுக்கப்பட்டது. அன்று உங்கள் ஃபார்முலா அதை வாங்கச் சொல்லியிருக்குமா என்று தெரிந்துகொள்ளாமல் அந்த 'பத்துக்கு ஒன்பது' என்பதற்கு அர்த்தமில்லை. வாரத்துக் குறைபாட்டைச் சரிசெய்துவிட்டு இதையும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், அக்கறையோடு சொல்கிறேன், பணம் உங்களுடையது.

விருதுநகர்: பட்டியலில் வருவதெல்லாம் பேரே கேள்விப்படாத பங்குகள். ஆர்டர் போட்டால் கிடைப்பதும் இல்லை.

இரண்டு நிபந்தனை சேருங்கள்:

க்ளோஸ் * வால்யூம் > 50000000
ஹை > லோ

முதலாவது, நாளில் சுமார் 5 கோடி ரூபாய்க்காவது வியாபாரம் நடந்ததா என்று பார்ப்பது. எண்ணுக்குள் காற்புள்ளி போடாதீர்கள். மென்பொருள் அதைப் பிரிப்பான் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, காலையிலிருந்து சர்க்யூட்டில் (ஒரு நாளுக்கான விலை வரம்பில்) பூட்டிக்கொண்டு ஒரே விலையில் நின்ற பங்குகளை விலக்கும். வாங்க ஆள் குவிந்து விற்க ஆளில்லாத பங்கு பிரேக்அவுட் (உச்சத்தை உடைப்பது) ஸ்கேனில் அழகாகத் தெரியும், கைக்கு வராது.

புதுச்சேரி: மென்பொருள் வாங்க வசதியில்லை அண்ணா. சார்ட்இங்க் தளத்தில் இதையெல்லாம் செய்யலாமா? நாளைக்கு வாங்க இரண்டு பங்கும் சொல்லுங்களேன்.

பங்குப் பெயர் சொல்ல மாட்டேன். பரிந்துரை தர செபியில் பதிவு வேண்டும், நான் பதிவு பெற்றவன் இல்லை.

சார்ட்இங்க்கில் மேலே உள்ளவற்றில் பெரும்பகுதி செய்யலாம், கோடே தட்ட வேண்டாம். 20 நாள் பிரேக்அவுட்டுக்கு இடப்பக்கம் 'லேட்டஸ்ட் க்ளோஸ்', நடுவில் 'கிரேட்டர் தேன்', வலப்பக்கம் 'மேக்ஸ்' எடுத்து 20-உம் ஹையும் கொடுங்கள். வலப்பக்கத்திலும் அது தானாக 'லேட்டஸ்ட்' என்றே வைக்கும். அதை அழுத்தி '1 டே எகோ' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மதுரைத் தம்பிக்கு வந்த அதே காலிப் பட்டியல்தான் உங்களுக்கும் வரும்.