ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறலாமா? வாட்ஸ்அப்பில் இருக்கும் அம்மாவின் குரல் என்ன ஆகும்?

கேள்வி: ஐந்து வருடமாக ஒரே ஆண்ட்ராய்டு போன்தான் வைத்திருக்கிறேன். இப்போது எதைத் தொட்டாலும் திறக்க நேரம் எடுக்கிறது. இடம் போதவில்லை என்று தினமும் எச்சரிக்கை வருகிறது. மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. வீட்டில் கணவர், மகள் இருவரும் ஐபோன் வைத்திருக்கிறார்கள். என்னையும் மாறச் சொல்கிறார்கள். மறைந்த அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் இந்தப் போனில்தான் இருக்கின்றன. மாறினால் அவை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கையில் சாம்சங் வாட்ச் வேறு கட்டியிருக்கிறேன். மாறலாமா, வேண்டாமா?

பதில்: முதலில் அம்மாவின் குரலைப் பத்திரப்படுத்துவோம். மாறுவதா வேண்டாமா என்பதை அடுத்த வாரம்கூட முடிவு செய்துகொள்ளலாம். இந்த வேலையை மட்டும் இன்றே செய்யுங்கள். ஐந்து வருடப் போன் எப்போது வேண்டுமானாலும் கீழே விழலாம், நின்றுபோகலாம்.

வாட்ஸ்அப் குரல் பதிவு ஒவ்வொன்றும் உங்கள் போனுக்குள் தனித்தனி ஃபைலாகத்தான் இருக்கிறது. கேபிள் போட்டுக் கணினியில் இணைத்தால், 'ஆண்ட்ராய்டு' என்ற ஃபோல்டருக்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப்பின் ஃபோல்டர் என்று இறங்கிக்கொண்டே போகலாம். கடைசியில் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒன்று வரும். அதற்குள் வருடமும் வார எண்ணும் சேர்ந்த பெயர்களில் நிறைய ஃபோல்டர்கள் இருக்கும். அந்த 'வாய்ஸ் நோட்ஸ்' ஃபோல்டரை அப்படியே கணினிக்கு நகலெடுத்து வையுங்கள். ஃபைல்கள் 'ஓபஸ்' என்ற வடிவத்தில் இருக்கும். விஎல்சி பிளேயரில் ஓடும். ஃபைல் பெயரிலேயே தேதி இருக்கும், ஆனால் அனுப்பியவர் பெயர் இருக்காது. எல்லோருடைய பதிவுகளும் அதில் கலந்து கிடக்கும். அதனால் இன்னொன்றும் செய்யுங்கள். அம்மாவுடனான உரையாடலைத் திறந்து, உங்களுக்கு முக்கியமான பதிவுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து, பகிரும் வசதி மூலம் கூகுள் டிரைவில் சேமியுங்கள். அங்கே தேதியும் விஷயமும் சேர்த்துப் பெயர் வையுங்கள். ஒரு மாலை முழுக்கப் போய்விடும்தான். ஆனால் அதற்கப்புறம் எந்தப் போன் போனாலும் அந்தக் குரல் போகாது.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் பாருங்கள்: மெதுவாகத் திறக்கிறது, இடமில்லை, சார்ஜ் நிற்கவில்லை. மூன்றும் போனுக்கு வயதாகிவிட்டதைத்தான் சொல்கின்றன, ஆண்ட்ராய்டின் குறையைச் சொல்லவில்லை. ஐந்து வருட ஐபோன் வைத்திருப்பவரும் இதே மூன்றைத்தான் சொல்வார். லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் கணக்கு உண்டு. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது; ஐபோன் 15 முதல் அது 1000 முறை. தினமும் சார்ஜ் போடும் போனில் ஐந்து வருடத்தில் அந்த எல்லையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும்.

போனின் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பகுதிக்குப் போய், கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதியைப் பாருங்கள். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் எப்படியும் புதுப் போன் வாங்கும் நேரம் வந்துவிட்டது. வங்கிச் செயலி இருக்கும் போனை அப்டேட் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. தேதி சமீபத்தியது என்றால் பேட்டரியை மட்டும் மாற்றி, வாட்ஸ்அப்பில் குவிந்திருக்கும் வீடியோக்களைக் களைந்தாலே இன்னும் ஒரு வருடம் ஓடலாம்.

ஐபோனுக்குத்தான் நீண்ட காலம் அப்டேட் வரும் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது முழு உண்மை. 2015-இல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 (ஐபோனின் இயங்குதளம்) வரை கிடைத்தது. அன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் 2023-இல் பிக்ஸல் 8-க்கு கூகுளும், 2024-இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் ஏழு வருட அப்டேட் தருவதாக அறிவித்துவிட்டன. எல்லா ஆண்ட்ராய்டு போனுக்கும் இது பொருந்தாது. வாங்கும் மாடலுக்கு எத்தனை வருடம் என்று கேட்டு வாங்க வேண்டும். ஆக, இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மாற வேண்டியதில்லை.

அப்படியானால் மாற நல்ல காரணமே இல்லையா? உங்கள் கடிதத்திலேயே ஒன்று இருக்கிறது. வீட்டில் இருவரும் ஐபோன் வைத்திருக்கிறார்கள். இதைக் கேமரா, ஸ்கிரீன், வேகம் எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிக்கிறேன். ஏதோ ஒன்று திறக்கவில்லை, ஏதோ ஒரு அறிவிப்பு வந்து பயமுறுத்துகிறது என்னும்போது, பக்கத்தில் இருப்பவர் அதே போனை வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைப்பார். போன் வாங்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, 'சிக்கல் வந்தால் யாரிடம் காட்டுவீர்கள்?' என்பதுதான். உங்களுக்கு அந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார். குடும்பத்துப் படங்கள் எல்லோர் போனிலும் தானாகச் சேரும் வசதியும், பொருளைத் தொட்டுக் கொடுப்பதுபோல ஏர்டிராப்பில் படம் அனுப்புவதும் கூடுதல் லாபம்.

இனி வாட்ச். நிறைய பேர் இதை மறந்துவிட்டு வாங்கிய பிறகு தவிக்கிறார்கள். 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் சாம்சங் வாட்ச்கள் ஆண்ட்ராய்டு போனோடு மட்டுமே சேரும். ஐபோனோடு சேரவே சேராது. அதற்கு முந்தைய சில மாடல்கள் சேரும். உங்களுடையது எந்த மாடல் என்று பாருங்கள். புதிய வகை என்றால், மாறுவது ஒரு பொருளல்ல, இரண்டு. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். ப்ளூடூத் இயர்போன் பற்றிக் கவலை வேண்டாம்; பாட்டும் பேச்சும் எந்தப் போனிலும் கேட்கும்.

ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இல்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிமெயில், கூகுள் போட்டோஸ், மேப்ஸ், குரோம், யூடியூப் எல்லாம் ஐபோனிலும் ஓடும். நீங்கள் ஐபோனுக்குப் போனாலும் உங்கள் பழைய தகவல்கள் கூடவே வரும். ஆனால் ஐமெசேஜ் (ஐபோன்களுக்கு இடையே செய்தி அனுப்பும் ஆப்பிளின் வசதி), ஆப்பிள் வாட்ச் போன்றவை ஆண்ட்ராய்டில் கிடையாது. போவது சுலபம், திரும்பி வருவதுதான் கடினம். அதனால் ஐபோன் வாங்கினாலும் தொடர்பு எண்களையும் படங்களையும் கூகுள் கணக்கிலேயே வைத்திருங்கள் என்பேன். ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபிதான். கூகுளில் 15 ஜிபி. நாளை மனம் மாறினாலும் கதவு திறந்தே இருக்கும்.

காசு கொடுத்து வாங்கிய செயலிகள் உங்களோடு வராது, திரும்ப வாங்க வேண்டும். மாதச் சந்தா ஏதாவது பிளே ஸ்டோர் வழியாகப் போய்க்கொண்டிருந்தால் அதைப் பிளே ஸ்டோரிலேயே ரத்து செய்யுங்கள். போனை மாற்றுவதால் சந்தா நிற்காது.

வாங்குவதற்கு முன் ஒரு சனி, ஞாயிறு கணவரின் போனைக் கேட்டு வாங்கிப் புழங்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்கிரீனின் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் பின்னால் போகலாம். ஐபோனில் இடது ஓரம்தான் பழக்கம், சில செயலிகளில் மேலே மூலையில் இருக்கும் அம்புக்குறியைத் தேட வேண்டும். ஐந்து வருடம் பழகிய விரல் முதல் நாள் திணறும். தமிழில் தட்டச்சு செய்கிறவரென்றால் அதையும் சோதியுங்கள். ஐபோனில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் கூடவே வருகின்றன. ஆண்ட்ராய்டில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவருக்கு அஞ்சல் ஓரளவு கைக்கு வரும், ஆனால் அதுவேதான் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்து உறவினருக்கு நாலு வரி எழுதிப் பாருங்கள். எரிச்சல் வந்தால் அது தினமும் வரும் எரிச்சல்.

மாறுவது என்று முடிவாகிவிட்டதா? அப்படியானால் வரிசை மிக முக்கியம். என் பெரியம்மா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடையிலேயே புது ஐபோனை முழுதாகத் தயார் செய்து கொடுத்துவிட்டார்கள். பழைய ஆண்ட்ராய்டை அன்று மாலையே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். இரவு வாட்ஸ்அப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தன் பேக்கப்பைக் கூகுள் கணக்கில் வைக்கிறது. ஐபோன் வாட்ஸ்அப் ஐகிளவுடில் இருப்பதை மட்டுமே எடுக்கும். பேக்கப் இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் கைக்கு எட்டவில்லை. கடைசியில் என்னிடம் இருந்த பழைய ஆண்ட்ராய்டு போனில் அக்காவின் சிம்மைப் போட்டு, கூகுள் கணக்கில் நுழைந்து, பேக்கப்பை இறக்கினோம். அப்புறம் புது ஐபோனை முழுதாக அழித்து, முதலிலிருந்து மாற்றினோம். இரண்டு நாள் வேலை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் இதே வழிதான், தள்ளிப்போடாதீர்கள். ஐந்து மாதத்துக்கு மேல் புதுப்பிக்காத வாட்ஸ்அப் பேக்கப்பைக் கூகுள் நீக்கிவிடக்கூடும்.

சரியான முறை இது. ஐபோனைப் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு போனையும் சார்ஜில் போடுங்கள். பழைய போனில் வாட்ஸ்அப்பை அப்டேட் செய்து, பிளே ஸ்டோரிலிருந்து ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியை இறக்குங்கள். ஐபோனை முதன்முறை தயார் செய்யும்போது தகவல்களை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்கும். அதில் 'ஃப்ரம் ஆண்ட்ராய்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கிரீனில் ஒரு எண் வரும். அதைப் பழைய போனில் அடியுங்கள். எவையெவை போக வேண்டும் என்ற பட்டியல் வரும். அதில் வாட்ஸ்அப் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதைத் தொட்டுத் தயார்ப்படுத்துங்கள்.

அதன்பின் பழைய போனைத் தொடவே தொடாதீர்கள். நடுவில் வேறு செயலிக்குப் போனாலோ, ஒரு அழைப்பு வந்தாலோகூட மாற்றம் நின்றுவிடும். அதனால் யாரும் கூப்பிடாத இரவு நேரம் நல்லது. ஆண்ட்ராய்டில் வேலை முடிந்தது என்று காட்டினாலும் ஐபோனில் கோடு முழுதாக ஓடி முடியும்வரை காத்திருங்கள். முடிந்ததும் ஐபோனில் வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணில் நுழையுங்கள். உரையாடல்களும் படங்களும் குரல் பதிவுகளும் வந்துவிடும். வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியல் வராது. அம்மாவின் உரையாடலைத் திறந்து, பழைய பதிவு ஒன்று, நடுவில் ஒன்று, கடைசிப் பதிவு ஒன்று என்று ஓடவிட்டுக் கேளுங்கள். மூன்றும் கேட்டால்தான் மாற்றம் முடிந்தது என்று அர்த்தம்.

வங்கிச் செயலிகளைப் புதுப் போனில் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும். கூகுள் ஆதென்டிகேட்டர் மாதிரி எண் காட்டும் செயலி வைத்திருந்தால், பழைய போனில் க்யூஆர் கோடு எடுத்துப் புதியதில் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் பழைய போன் உயிரோடு இருக்க வேண்டும்.

எதிர்த்திசையில், ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சிம்மை எடுப்பதற்கு முன் ஐபோனில் ஐமெசேஜை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்திகள் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். மறந்துவிட்டால், எண்ணை விடுவிக்க ஆப்பிளின் இணையதளத்திலேயே வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்பை அந்தப் பக்கம் கொண்டுபோக இரண்டு போனையும் கேபிளால் இணைப்பது வழக்கமான முறை.

உங்களுக்கு என் பதில்: வாட்ச் ஒத்துவந்தாலோ, அதை மாற்றுவதில் உங்களுக்கு வருத்தமில்லை என்றாலோ, மாறுங்கள். வாட்ச் புதியது, அதை விட மனமில்லை என்றால், ஏழு வருட அப்டேட் தரும் ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்குங்கள். உங்கள் மூன்று குறைகளும் அதிலும் தீர்ந்துவிடும்.

பொதுவாக, பழைய போனை ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, கூகுள் கணக்கை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து விற்கச் சொல்வேன். கணக்கை நீக்காமல் அழித்தால் அடுத்தவர் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கக்கூடும். ஆனால் உங்கள் போனை விற்கச் சொல்ல எனக்கு மனமில்லை. எக்ஸ்சேஞ்சில் கிடைப்பது கொஞ்சம்தான் இருக்கும். சிம்மை எடுத்துவிட்டு, பாதி சார்ஜோடு அலமாரியில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் போடுங்கள். பேட்டரி உப்பியதுபோலத் தெரிந்தால் மட்டும் உடனே சர்வீஸில் காட்டுங்கள். கணினியில் ஒன்று, டிரைவில் ஒன்று, புதுப் போனில் ஒன்று என்று இருந்தாலும், அம்மா அனுப்பிய அன்று வந்து சேர்ந்த இடம் அந்தப் போன்தான்.