இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தச் சொல்வது ஏன்?

சமப்படுத்துவது என்றால், இரண்டும் காதுக்கு ஒரே சத்தத்தில் கேட்கும்படி வைத்துவிட்டுப் பிறகு தரம் பார்ப்பது. சத்தம் குறைந்தால் நம் காது பேஸைத்தான் (தாழ்ந்த, கனத்த ஒலிகளை) முதலில் தவறவிடும். 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் அளந்து காட்டியது இது. அதனால் 1 டெசிபல் கூடினாலே 'தெளிவாக இருக்கே' என்று தோன்றும், உப்பு ஒரு கல் தூக்கலான சாம்பார் ருசியாகப் படுவதுபோல.

சென்ஹைசர் எச்டி 600 என்ற ஹெட்ஃபோனின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ், மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு) 300 ஓம். போனிலிருந்து 32 ஓம் ஹெட்ஃபோனைக் கழற்றி, வால்யூமைத் தொடாமல் இதைச் செருகினால் பெரும்பாலும் சத்தம் இறங்கி, மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) சொத்தென்று கேட்கும். பழியை ஹெட்ஃபோன் மேல் போடாதீர்கள். பாடகர் குரல் இரண்டிலும் ஒரே அளவுக்கு வரும்வரை வால்யூமை ஏற்றி, தெரிந்த பாட்டின் அதே 20 நொடியை மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

ஓம் கூடினால் தரமும் கூடும் என்பது தவறு. அந்த எண் ஆம்பிளிஃபையரைத் தேர்ந்தெடுக்கத்தான்.