தரங்கம்பாடிக் கோட்டையைப் பற்றிய ஆய்வை ஊர் மக்களிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது?

டேனியர் (டென்மார்க் நாட்டவர்) காலத்துத் தரங்கம்பாடியைப் பற்றி ஆய்வு செய்திருப்பதாகவும், அதை அவ்வூர் மக்களிடமே எடுத்துச்சொல்ல விரும்புவதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே கோட்டை முற்றத்தில் என் ஆய்வை ஊராருக்குச் சொன்ன அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு டேனியர் செய்துகொண்ட ஒப்பந்தம், அதையடுத்து எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டை, 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு நடந்த விற்பனை என்று நான் ஆண்டு வரிசையில் பேசத் தொடங்கியபோது, வந்திருந்தவர்கள் மரியாதைக்காகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்கு நாயக்கர் அனுப்பியதும், பனையோலை வடிவப் பொன் தகட்டில் தமிழில் எழுதப்பட்டதும், இன்று கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருப்பதுமான கடிதத்தின் படத்தைக் காட்டிய பிறகுதான் கூட்டம் நெருங்கி வந்தது. மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்திருந்த ஓர் அம்மா, படத்தைக் கண்ணருகே பிடித்து, வரிகளின் மேல் விரலை ஓட்டி, ஓர் எழுத்தில் நிறுத்தி, "இது நம்ம எழுத்துதானே தம்பி, இத்தனை நாளா யாரும் காட்டலையே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே, ஊராரின் மொழியும் கையும் பட்ட சான்றிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்தது, எதையும் மறைக்காதீர்கள். 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியக் கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றதையும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததையும் பலரும் அறிவார்கள். அவரையே டேனிய ஆளுநர் இக்கோட்டையில் நான்கு மாதம் சிறைவைத்ததைச் சிலரே அறிவார்கள். 17ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதைச் சுற்றுலாக் கையேடுகளில் நான் கண்டதேயில்லை. அதைச் சொன்னபோது முற்றத்தில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. வருத்தம் தரும் என்பதற்காக அதை விட்டிருந்தால், கப்பலேற்றப்பட்டவர்களுக்கு இரண்டாம் முறை அநீதி செய்தவனாவேன் என்றே நினைக்கிறேன்.

கேட்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். நான் முதலில் ஒதுக்கவில்லை, அது என் பிழை. பேச்சு முடிந்ததும் ஒரு பெரியவர் என்னை மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அழைத்துச் சென்றார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் எழுப்பிய அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. தம் சிறு வயதில் கரை எதுவரை இருந்தது, வலை உலர்த்திய இடம் எது, எந்தக் கற்கள் எந்த ஆண்டுப் புயலில் சரிந்தன என்று அலைக்கு நடுவே கைநீட்டி அவர் சொல்லச்சொல்ல, நான் என் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். டேனிய ஆவணங்கள் எதிலும் நான் காணாத செய்திகள் அவை.