கொசுவலையும் கரமடியும்

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்து மார்த்தாண்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். தான்சானியாவில் மலேரியா ப்ராஜெக்ட் ஒன்றுக்கு 'பிஹேவியர் சேஞ்ச் கன்சல்டன்ட்' (ஜனங்களின் பழக்கவழக்கத்தை மாற்ற ஆலோசனை சொல்கிறவர்) வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. "போஸ்டர் ஒட்ட இங்கேருந்து ஆள் கூப்பிடுவானா?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள் அக்கா.
— வாசகி, குழித்துறை

பதில்: சிரிக்கட்டும் மக்கா. நான் முதலில் போனபோது எங்கள் அம்மாவும் குளச்சல் சந்தையில், "மக ஆப்பிரிக்காவுல டீச்சரா இருக்கா" என்றுதான் சொல்லித் திரிந்தாள்.

கிகோமா பக்கம், டாங்கனிக்கா ஏரிக்கரை. என் பையில் போஸ்டர் கட்டு. கொசுவலைக்குள் தாயும் பிள்ளையும் படுத்திருக்கிற படம், கீழே சுவாஹிலியில் ஒரு வரி. வண்டியை விட்டு இறங்கினால், இரண்டு பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கொசுவலையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்! நாலைந்து வலையைச் சேர்த்துத் தைத்து, அடியில் கல் கட்டியிருந்தது. கூட வந்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு எங்கள் தாத்தாவின் கரமடிதான், கரையிலிருந்து இழுக்கிற வலை, ஞாபகம் வந்தது. மாட்டியது தாகா, நம்ம நெத்திலி மாதிரிப் பொடி மீன். அதைக் கரையில் காயப்போட்டு விற்பார்கள்.

மலேரியா எதனால் வருகிறது என்று கேட்டேன். போஸ்டரில் இருந்த வரியை என்னைவிட நன்றாகச் சொன்னார்கள். புது வலை வீட்டில் பிள்ளைகளுக்கு, கிழிந்த பழசு ஏரிக்கு. மீன் வலை வாங்கக் காசில்லை. அவ்வளவு பொடிக் கண்ணுள்ள வலையில் மீன்குஞ்சும் சேர்ந்து மாட்டும், வலையில் ஏற்றிய மருந்து மீனுக்கு ஆகாது. அதையும் பேசினோம். மூன்று நாள் மீன் காயப்போடுகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆம்பிளைகள் ராத்திரி முழுக்க விளக்கோடு படகில் தாகா பிடிக்கப் போய்விடுகிறார்கள் என்பதே அப்போதுதான் உறைத்தது. கொசு கடிக்கிற நேரத்தில் படகில் இருக்கிறவனுக்கு, பாயில் படுத்திருக்கிற படம் எதற்கு? அறிக்கையில் இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். எத்தனை போஸ்டர் ஒட்டினீர்கள் என்று பதில் வந்தது. மிச்சக் கட்டு எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்களும் அதே நாட்டில் உண்டு. 1993-ல் தான்சானியா வானொலியில் 'ட்வெண்டே நா வகாட்டி' என்று, எய்ட்ஸையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் பற்றி ஒரு தொடர்நாடகம் தொடங்கியது. அதில் ம்க்வாஜு என்ற லாரி டிரைவர் (பெயருக்குப் புளியமரம் என்று அர்த்தம்!) போகிற வழியெல்லாம் தொடுப்பு வைத்துக்கொள்கிறான், எய்ட்ஸ் வந்துவிடுகிறது. பெண்டாட்டி அவனை விட்டு விலகித் தனியாக வியாபாரம் தொடங்குகிறாள். டொடோமா பகுதியில் மட்டும் 2 வருடம் வேண்டுமென்றே ஒலிபரப்பாமல் வைத்து ஒப்பிட்டார்கள். நாடகம் கேட்ட பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வந்தவர்கள் கூடியிருந்தார்கள்.

கையெழுத்துப் போடும் முன் டி.ஓ.ஆரில் (என்ன வேலை, எத்தனை நாள் என்று எழுதியிருக்கிற தாள்) ஃபீல்டுக்கு எத்தனை நாள் என்று பார். இருபது நாள் வேலையில் நாலே நாள் ஊருக்குள் என்றால், போகாதே. படத்தையும் வாசகத்தையும் அச்சடிக்கும் முன் ஜனங்களிடம் காட்டிப் பார்க்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் கேள். சுவாஹிலிக்குப் பயப்படாதே, சந்தையில் பேரம் பேசினால் தானாக வரும்.

கேள்வி: ஒக்கிப் புயலின்போது கடலில் இருந்த எங்கள் ஆட்களுக்கு ஒரு சேதியும் வந்து சேரவில்லை. ஆப்பிரிக்காவுக்குப் போய் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?
— வாசகர், வள்ளவிளை

பதில்: கோபம் நியாயம்தான் அண்ணாச்சி. 2017 நவம்பர் 30-ல் நானும் ஊரில்தான் இருந்தேன். பல நாள் தங்கலுக்குப் போன போட்டுகள் செல்போன் எட்டாத தூரத்தில். எச்சரிக்கை கரையோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும், ரேடியோ கேட்பீர்களா என்று நான் தொடங்குவதில்லை. ராத்திரி எங்கே இருப்பீர்கள், அங்கே எது எடுக்கும் என்றுதான் முதல் கேள்வி. உங்கள் போட்டில் இப்போது சாட்டிலைட் போன் இருக்கிறதா? எழுதுங்கள்.