கோப்பின் பெயரிலிருந்து வகை: பைத்தானின் மைம்டைப்ஸ் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கோப்பின் வகையைச் சொல்லும் பைத்தான் மாட்யூலான மைம்டைப்ஸ், கோப்பைத் திறந்து பார்த்துத்தான் வகை சொல்கிறதா?

இல்லை தம்பி. பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பின் வரும் பகுதியை மட்டும் பார்க்கிறது. 'படம்.பிஎன்ஜி' என்று ஒரு கோப்பு டிஸ்கில் இல்லாவிட்டாலும், அந்தப் பெயரை 'கெஸ் டைப்' ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் 'இமேஜ்/பிஎன்ஜி' என்று பதில் வரும்.

கேள்வி: பதில் ஏன் இரண்டு மதிப்புகளாக வருகிறது?

'பேக்கப்.டார்.ஜிஇசட்' கொடுத்துப் பாருங்கள். முதலில் 'அப்ளிகேஷன்/எக்ஸ்-டார்', இரண்டாவதாக 'ஜிஜிப்' வரும். உள்ளே இருப்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார், மேலே சுற்றியிருப்பது அதைச் சுருக்கிய ஜிஜிப். இரண்டாவது மதிப்பில் யுடிஎஃப்-8 போன்ற எழுத்துக் குறியீட்டை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: லினக்ஸில் சரியாக ஓடும் என் வெப் சர்வர் நிரல், விண்டோஸில் வெற்றுப் பக்கம் காட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல் 'டெக்ஸ்ட்/பிளெயின்' ஆக வந்ததால் ஏற்க முடியாது என்கிறது பிரவுசர். சார், என்ன செய்வது?

இதில் நான் இரண்டு இரவு தூக்கம் இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மைம்டைப்ஸிடம் சொந்த அட்டவணை ஒன்று உண்டு. அதோடு நிற்காமல், நிரல் ஓடும் கணினியையும் விசாரிக்கும்: லினக்ஸில் 'மைம்.டைப்ஸ்' கோப்பு, விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி எனும் அமைப்புகளின் பதிவேடு. வேறு ஏதாவது மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் ஜேஎஸ் வாலுக்கு 'டெக்ஸ்ட்/பிளெயின்' என்று எழுதி வைத்திருந்தால், உங்கள் சர்வரும் அதையே அனுப்பும். சாதாரண ஸ்கிரிப்ட் என்றால் பெரும்பாலும் பிரவுசர் பொறுத்துக்கொள்ளும். மாட்யூல் என்றால் கறாராக மறுத்துவிடும். நிரல் தொடங்கும் இடத்திலேயே மைம்டைப்ஸின் 'ஆட் டைப்' ஃபங்ஷனைப் போட்டு, ஜேஎஸ் என்றால் 'டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்' என்று பதிந்துவிடுங்கள். 2022இல் வந்த ஆர்எஃப்சி 9239 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அதைத்தான் முறையான பெயராக்கியது, பைத்தான் 3.12 முதல் மைம்டைப்ஸின் சொந்த அட்டவணையிலும் அதுதான்.

கேள்வி: டைப்ஸ்கிரிப்ட் கோப்பை வீடியோ என்கிறதே?

'டிஎஸ்' என்ற வாலை எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்ற வீடியோ வடிவம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. இதற்கும் 'ஆட் டைப்'தான் வழி.

கேள்வி: அப்லோடு ஃபார்மில் படம் மட்டும் அனுமதிக்க இது போதுமா?

போதாது, தயவுசெய்து வேண்டாம். பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். தொடக்க பைட்டுகளைப் படியுங்கள். பிஎன்ஜி 137இல் தொடங்கும், அடுத்து பி, என், ஜி எழுத்துகள். ஜேபெக் 255, 216, 255. அதோடு படத்தை ஒருமுறை டீகோட் செய்தும் பாருங்கள், ஏனென்றால் தொடக்கத்தை மட்டும் போலியாக எழுதுவது சுலபம். அப்புறம், கோப்பைத் திருப்பி அனுப்பும்போது, வகையை நீயாக ஊகிக்காதே என்று பிரவுசருக்குச் சொல்லும் 'நோஸ்னிஃப்' ஹெடரையும் சேருங்கள்.

கேள்வி: டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளுக்கும் இதே பைட் சோதனை நடக்குமா?

பாதிதான் நடக்கும். இரண்டுமே ஜிப் கோப்புகள், இரண்டும் 'பிகே' என்றே தொடங்கும். ஜிப்பைத் திறந்து உள்ளே 'வேர்ட்' ஃபோல்டர் இருக்கிறதா, 'எக்ஸ்எல்' இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.